உனக்கும் அண்ணாவுக்கும் நடுவில்

மாதுங்கா, பம்பாய்-19
14-9-1966

சௌபாக்கியவதி நாகுவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அம்பியும் டிக்பாயில் நல்ல சுகமாக இருக்க வேண்டும். இந்த வார்த்தையை உனக்கு எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், இன்றைக்குத்தான் ஒவ்வொரு எழுத்தாக நினைத்து எழுதுகிறேன். இங்கே உடம்பால் எல்லோரும் சௌக்கியம். மனசைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நேற்று அப்பா கொடுத்த தந்தி இதற்குள் கிடைத்திருக்கும். ஆர்.ஹெச். ரத்தப் பரிசோதனை உடனே செய்துகொள், விவரம் கடிதத்தில் என்று மட்டும் இருந்திருக்கும். யாருக்கு என்னவோ என்று பயந்துபோயிருப்பாய். யாருக்கும் ஒன்றும் இல்லை, முதலில் மூச்சு விட்டுக்கொள். ஆறு மாசக்காரிக்குத் தந்தி அடிப்பார்களா, உங்களுக்கெல்லாம் புத்தி பிசகிப்போச்சா என்று பாகீரதி அத்தை தன் தம்பியோடு நேற்றிலிருந்து பேசவில்லை. அவருக்கு மோர் வேண்டுமா என்பதைக்கூட என்னிடம் சொல்லி என்னைக் கேட்கச் சொல்கிறாள். நீ உட்கார்ந்துகொண்டு இதைப் படி. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் சமயமானால் அவரையும் கூட வைத்துக்கொண்டு படி.

உன் மன்னி கமலிக்குத் தாயார் இல்லாததால் தலைப்பிரசவம் நம் வீட்டிலேயே என்று தீர்மானித்தது உனக்குத் தெரியும். அவள் பெயர் பதிந்திருக்கும் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை மத்தியானம் கர்ப்பிணிகளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். பிள்ளை பெறுவதற்கும் பாடமா, பரீட்சையில் தேறாவிட்டால் வயிற்றிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார்களா என்று அத்தை கேட்டாள். நான் சிரித்துவிட்டுக் கமலியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நீளமான ஹால், பெஞ்சுகள், மேஜைமேல் ஒரு ரப்பர் பொம்மை, தண்ணீர் டப். நடத்துகிறவர் டாக்டர் மர்யம் என்ற அம்மாள், கொச்சிப் பக்கத்தவர். ஹிந்தியில் சொல்லிவிட்டு எங்கள் பெஞ்சுக்கு வந்து மலையாளம் கலந்த தமிழில் மறுபடி சொல்வார். எங்கள் பெஞ்சில் தாராவியிலிருந்து மருமகளோடு வரும் பேராச்சி என்ற திருநெல்வேலி அம்மாள் ஒருத்தி, அவள் வாய் இருக்கிறதே, அந்த ஹாலுக்கு அது போதும். குழந்தையின் மூக்கில் ஊதக்கூடாது, காதில் எண்ணெய் விடக்கூடாது, மூக்கைப் பிடித்து நீவக்கூடாது என்று டாக்டர் பொம்மையை வைத்துக்கொண்டு சொன்னார். நீவாம வளத்தா மூக்கு சப்பையாத்தான் போவும், டாக்டரம்மாவுக்கு அவுக ஆத்தா நீவி விடலை போலிருக்கு என்று பேராச்சி சொல்ல, எங்கள் பெஞ்சே குலுங்கியது. டாக்டருக்கும் காதில் விழுந்துவிட்டது. அவரும் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார். முதல் இரண்டு வாரம் இப்படித்தான் போயிற்று, உனக்கு வேடிக்கையாக எழுத வேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் ரத்தத்தைப் பற்றிப் பேசினார். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஏன் ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம் என்று கரும்பலகையில் படம் போட்டார். முக்கால்வாசிக்கும் மேலான பேருக்கு ரத்தத்தில் ஆர்.ஹெச். என்று ஒரு பொருள் இருக்கும், சிலருக்கு இருக்காது, இல்லாதவர்களை நெகடிவ் என்பார்கள், அது வியாதி இல்லை, அவர்கள் நன்றாகவே இருப்பார்கள் என்றார். தாய்க்கு அது இல்லாமல் வயிற்றுக் குழந்தைக்குத் தகப்பன் வழியில் அது வந்துவிட்டால்தான் சங்கடம். முதல் குழந்தை தப்பிவிடும். ஆனால் அது பிறக்கும்போது அதன் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் கலந்து, இது அந்நியம் என்று தாயின் உடம்பு தெரிந்து வைத்துக்கொள்ளும். அடுத்து அதே மாதிரி ரத்தத்தோடு வருகிற குழந்தையைத் தாயின் உடம்பே சத்துருவாக நினைத்து அதன் ரத்தத்தை அழிக்கும். பிறக்கும்போது குழந்தை பார்க்க நன்றாகக்கூட இருக்கலாம், மறுநாளே மஞ்சள் பூக்கும், கண் வெள்ளையெல்லாம் மஞ்சளாகும், பால் குடிக்காது, உடம்பை வில்லாக வளைக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். பேராச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன மாமி, ஏன் எந்திரிச்சுட்டீய, தண்ணி கொண்டாரட்டுமா என்று கேட்ட பிறகுதான் நான் எழுந்து நிற்பது எனக்கே தெரிந்தது.

நாகு, உனக்கும் உன் அண்ணா சுந்தரராமனுக்கும் நடுவில் எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. இந்த வீட்டில் யாரும் இதை உன்னிடம் சொன்னதில்லை. போன குழந்தையைப் பற்றி இருக்கிற குழந்தையிடம் பேசக்கூடாது, வயிற்றுப்பிள்ளைக்காரி காதில் விழவே கூடாது என்பது நம்மவர்கள் வழக்கம். நீ அம்பியைச் சுமந்துகொண்டு இங்கே வந்திருந்தபோது நான் எத்தனை விதமான பேச்சு பேசியிருப்பேன், இதை மட்டும் வாயில் வர விட்டதில்லை. முதலில் ஒரு பிள்ளை. நல்ல சிவப்பு, அப்பாவின் நெற்றி. இரண்டாம் நாள் மாலையில் மஞ்சள் குளித்தது போல ஆனான். மூன்றாம் நாள் இல்லை. அடுத்தது பெண். அவளுக்கு அத்தனை நேரம்கூட இல்லை. பதினோராம் நாள் புண்ணியாஹவாசனம் வரை இருவருமே இல்லாததால் இருவருக்கும் பெயரும் கிடையாது. அப்போது பாலக்காட்டில் நம் ஊரில் கிணறு வெட்டுவதற்காக, நாகர்களுக்கென்று விட்டிருந்த சர்ப்பக்காவில் மரத்தின் வேரை வெட்டியிருந்தார்கள், அந்த தோஷம்தான் என்று ஜோசியர் சொன்னார். நாகர்களுக்கு நூறும் பாலும் என்ற பூஜையைச் செய்து, ஒரு மண்டலம் பத்தியம் இருந்து, அதற்குப் பிறகு நீ பிறந்தாய். உன் முகம் மஞ்சளாகிறதா என்று விளக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஆகவில்லை. நாகர்கள் கொடுத்த குழந்தை என்று உனக்கு நாகலக்ஷ்மி என்று பெயர் வைத்தோம். இன்றுவரை ஆயில்ய நட்சத்திரம் தவறாமல் ஊருக்குப் பணம் அனுப்பி உன் பெயரில் பால் ஊற்றச் சொல்கிறோம்.

வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு டாக்டரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். கமலியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன், அப்போதும் பார் அந்த வழக்கம் என்னை விடவில்லை. என் ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சனிக்கிழமைக்கு முன்பே ஆள் அனுப்பி வரச்சொன்னார். நான் நெகடிவ். அது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இல்லை, வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. இரண்டு குழந்தைகள் போன பிறகு ஒரு பெண் மஞ்சள் காமாலையே இல்லாமல் பிறந்தாள் என்றீர்களே, அவள் எங்கே என்று கேட்டார். அஸ்ஸாமில் கல்யாணமாகிச் சுகமாக இருக்கிறாள், நாகர்கள் கொடுத்தவள் என்றேன். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார், அம்மா, அந்தக் குழந்தை பிழைத்ததற்குக் காரணம் அநேகமாக அவள் ரத்தமும் உங்கள் ரத்தம் மாதிரி இருந்ததுதான், உங்கள் உடம்புக்கு அவளை எதிர்க்க எதுவும் இருக்கவில்லை என்று. நான் சந்தோஷப்படப் போனேன். அவளுக்குக் குழந்தை உண்டா என்று கேட்டார். ஒரு பையன், இரண்டாவது தரித்திருக்கிறாள் என்று நான் என் வாயால் சொல்லி முடிக்கும்போதுதான் என் காதில் அது விழுந்தது. தரை காலுக்குக் கீழே இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்தேன் என்றால் நம்பு.

எதை அனுக்கிரகம் என்று இருபது வருஷத்துக்கு மேலாகக் கொண்டாடினோமோ அதுவே அபாயத்தின் அடையாளமா. ராத்திரி பகலாக இதையே நினைக்கிறேன். நான் இன்டர்மீடியட்டில் ரசாயனம் படித்தவள், புத்தகம் படிக்கிறவள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்த வருஷங்களில் இந்த விஷயம் பெரிய பெரிய டாக்டர்களுக்கே அப்போதுதான் புதிதாகத் தெரிந்துகொண்டிருந்ததாம், பாலக்காட்டில் ஒரு அக்கிரகாரத்துக்கு எப்படி வந்திருக்கும் என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். அதனால் எனக்குக் கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லாமல் போயிற்று. ஜோசியரைக் கோபிக்கலாம் என்றால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் உடம்புதான் செய்தது என்று நினைத்தால் இந்தக் கையால் சாதம் பிசையப் பிடிக்கவில்லை. ஆனால் அதே உடம்புதான் உன்னையும் வைத்துக் காப்பாற்றியது, அதையும் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் ரேழியிலேயே நின்று கேட்டார். இப்போ இருந்தா அவனுக்கும் வேலை கெடச்சிருக்கும் என்று மட்டும் சொன்னார். மறுபடி குடையை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போய்விட்டார். அத்தையோ, பகவான் கொடுத்த ரத்தத்துலயும் ஜாதி பிரிச்சாச்சா, ஏண்டி தைலா, ஒரு துலுக்கச்சி பலகையில கோடு கிழிச்சா நாகராஜா பொய்யாயிடுவாரா என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நாகராஜா பொய் என்று நான் சொல்லவில்லை அக்கா, அவர் இந்தத் தடவை டாக்டர் வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்றேன். உடனே அவள், கர்ப்பிணிக்கு இதை எழுதாதே, எழுதினால் இந்த வீட்டில் நான் சாப்பிட மாட்டேன் என்றாள். நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் அந்தப் பக்கம் கறிகாய் நறுக்குகிறாள்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. முதலில் உன் ரத்தத்தைப் பார்க்கச் சொல். பாஸிடிவ் என்று வந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அம்மாவைத் திட்டு, நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். நெகடிவ் என்றால் மாப்பிள்ளையின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். அவரும் நெகடிவ் என்றால் கவலையே இல்லை. அவர் பாஸிடிவ் ஆனால் உன் உடம்பு எதிர்க்கத் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டாம், அங்கே வசதி இல்லாவிட்டால் கல்கத்தாவில் செய்யலாமாம். இரண்டாவது பிரசவத்தில் எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை என்றும் டாக்டர் சொன்னார், அதையும் மறக்காதே. அப்படியே ஆனாலும் இப்போது வழி இருக்கிறது. பிறந்தவுடன் குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு நல்ல ரத்தம் ஏற்றுகிறார்களாம். இங்கே அப்படிப் பிழைத்த குழந்தை ஒன்றை டாக்டர் எனக்குக் காட்டினார், அதன் தாய் மடியில் கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டு என் வளையலைப் பிடித்து இழுத்தது. நான் அதை விட்டு வர மனசில்லாமல் வந்தேன்.

அதனால் நீ பிரசவத்துக்குக் கொடுவாயூருக்குப் போகக்கூடாது. இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டில் என்பதும், உன் மாமியார் மருத்துவச்சியிடம் சொல்லி வைத்து அறையெல்லாம் வெள்ளையடித்திருப்பதும் எனக்குத் தெரியும். அவர் வருத்தப்படுவார். நான் அவருக்குத் தனியாக எழுதுகிறேன், சம்பந்தி என்று மரியாதையாக, கெஞ்சி எழுதுகிறேன். பெண் வீட்டு ரத்தத்தில் தோஷம் என்று யாராவது பேசினால் பேசட்டும், அது அம்மாவிடமிருந்து வந்தது என்று என் தலையில் போட்டுவிடு, நீ தலைகுனியாதே. சோதனையில் நெகடிவ் என்று வந்தால் ஏழாம் மாதம் முடிவதற்குள் இங்கே வந்துவிடு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் அப்பா கல்கத்தா வரை வந்து உங்களை அழைத்து வருகிறேன் என்கிறார். டாக்டர் மர்யம் உன் பெயரைப் பதிந்துகொள்ளச் சம்மதித்துவிட்டார். கமலியைப் பற்றிக் கவலை இல்லை, அவள் பாஸிடிவ். உன் அண்ணா சுந்தரராமன்தான் இதெல்லாம் கேட்டதிலிருந்து ஆபீஸ் விட்டு நேரே வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். தான் பிறந்ததால்தான் அந்த இரண்டும் போயிற்றா என்று நேற்றுக் கேட்டான். இல்லையடா என்று சொல்லி அவன் தலையைத் தடவினேன்.

இரும்புச் சத்து மருந்தை விடாமல் சாப்பிடு, அம்பியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறாதே. அழுகை வந்தால் அழுதுவிடு, ஆனால் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போ, நாளைக்கு என்று வைக்காதே. சோதனை முடிவைத் தந்தியில் தெரிவி. உனக்கும் வயிற்றில் இருப்பதற்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும், நல்ல சுகப்பிரசவம் ஆகட்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், அம்பிக்கு முத்தம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன் தாயாருக்கு எத்தனை பிரசவம் என்று அங்கே டாக்டர் கேட்பார். வழக்கம் போல இரண்டு என்று சொல்லிவிடாதே. நான்கு என்று சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
தைலாம்பாள்