அப்பச்சி குழம்பைக் குறை சொன்னார்

காரைக்குடி
பரிதாபி வருடம், ஆவணி மாதம்

அன்பு மகள் தேனம்மைக்கு ஆத்தா எழுதுவது. குன்றக்குடி முருகன் துணையில் இங்கு நானும் உன்னைப் பெற்ற அப்பச்சியும் சுகம். இத்தனை மாதமாக இந்த வரியை ஒப்புக்கு எழுதினேன், இன்றைக்கு மெய்யாகவே எழுதுகிறேன். பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், பேரனுக்குப் பல் வந்துவிட்டதா, ஈறு அரித்தால் கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பான், கவனம்.

சேதி என்னவென்றால், உன் அப்பச்சி நேற்று என்னைத் திட்டினார். கத்திரிக்காய்க் காரக்குழம்பில் புளி தூக்கலாம், இதை மனுசன் சாப்பிடுவானா என்று கேட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்ல. நேரே அடுப்படிக்கு ஓடி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன், தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு நம் சமையலுக்கு நிற்கிற அன்னக்கிளி பதறிப் போய், ஏன் ஆச்சி அழுகிறீக என்று கேட்டாள். ஐயா திட்டிட்டாகடி என்றேன். ஐயாவுக்குச் சரியாகி ஆச்சிக்குப் பிடித்துக்கொண்டது என்று நினைத்திருப்பாள், அப்படி ஒரு பார்வை பார்த்தாள். குழம்பில் புளி தூக்கல்தான், அது வேறு விஷயம்.

அப்பச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று மட்டும் உனக்கு எழுதியிருந்தேன். இப்போது எல்லாவற்றையும் எழுதலாம். மரக்கடையை உன் பெரியப்பச்சி மகனிடம் விட்டபிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது. முதலில் பேப்பர் படிப்பதை விட்டார், அப்புறம் சாயங்காலம் வெளியே போவதை, அப்புறம் பேச்சை. பொழுது விடியுமுன்னே எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், குளிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும், சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. பழகிய ஆட்கள் பெயர்கூட மறந்தது. வயசானால் அப்படித்தான் என்றார்கள் ஊரார். உன் பெரிய அயித்தை யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று காளையார்கோவில் பக்கமிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து கையில் கயிறு கட்டவைத்தார்கள். கயிறும் கையிலேயே இருந்தது, அப்பச்சியும் அப்படியே இருந்தார். ஒருநாள் மோர் கொடுக்கப் போனேன், வாங்காமல் சொன்னார், "நான் ஒரு பாரம் சிகப்பி. நான் போயிட்டா நீ மக வீட்டுல நிம்மதியா இருப்பே." அன்றிலிருந்து அவரைத் தனியே விடவில்லை, கிணற்றடிக் கதவுச் சாவியை இடுப்பிலேயே சொருகிக்கொண்டு திரிந்தேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் தேன்குழல் சுட்டுக்கொண்டு ரேடியோவில் திருச்சி நிலையத்தின் மகளிர் நிகழ்ச்சி கேட்டேன். ஒரு டாக்டரம்மா பேசினார்கள். வயதானவர்களுக்குத் தூக்கம் போய், பசி போய், எதிலும் ஆசை இல்லாமல், நான் எதற்கு இருக்கிறேன் என்று தோன்றினால் அது வயசுக் கோளாறும் இல்லை, பேயும் இல்லை, மனச்சோர்வு என்கிற நோய், அதற்கு மருந்து இருக்கிறது, வெட்கப்படாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றார்கள். நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ப் பேசினது போலவே இருந்தது தேனு. நான் கரண்டியோடு நின்றபடி நிற்க, சட்டியில் தேன்குழல் கரியாகிப் போனது. எங்கே போகணும் யாரைப் பார்க்கணும் என்று சொல்வார்கள் என்று காத்திருந்தால் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

யாரிடம் கேட்பது. சொந்தக்காரரிடம் கேட்டால் பொழுது சாயுமுன் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கொப்புடையம்மன் கோவிலில் உன் பிரசவத்துக்கு வந்த நர்ஸ் சோணையம்மாளைப் பார்த்தேன், மனசைத் தைரியப்படுத்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அவள் முகம் சுளிக்கவே இல்லை. என் தாய்மாமனுக்கும் இதே கதைதான் ஆச்சி என்றாள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மனசு நோய்க்கென்று தனி டாக்டர் இருக்கிறாராம், யாரையும் அடைத்துப் போடமாட்டார்களாம், பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாமாம். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அப்பச்சியிடம் சொன்னால், பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா, வரமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்குத் தூக்கமே இல்லை, படபடவென்று வருகிறது, நான் மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்க்கணும், துணைக்கு வாரீகளா என்று கேட்டேன். பாதி நிசம்தானே. தனக்கென்றால் ஒரு கால் அசையாத மனுசன், எனக்கென்றதும் எழுந்து சலவை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். மனசு மாறுமுன்னே மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

டாக்டர் நம் மாப்பிள்ளை வயதுதான் இருப்பார். நோயாளி நான்தானே, என்னைத்தான் கேட்டார். தூக்கம் வருதா என்றார், இல்லை என்றேன். பசிக்குதா, இல்லை. காரணமில்லாமல் அழுகை வருதா, வருது என்றேன், கொஞ்சம் மூக்கைக்கூட உறிஞ்சிக் காட்டினேன். நாடகத்துக்குப் போயிருந்தால் பேர் வாங்கியிருப்பேன். உயிரோடு இருக்கப் பிடிக்கலைன்னு தோணுதாம்மா என்று கேட்டார் பார், நான் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது உன் அப்பச்சி மேசைமேல் கையை வைத்து, "அவ பொய் சொல்றா டாக்டர். அதெல்லாம் எனக்கு," என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நாற்காலியை மெதுவாக அப்பச்சி பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்குச் சொல்லுங்கய்யா என்றார். அத்தனை மாதமும் என்னிடம் வாய் திறக்காதவர் ஒன்றுவிடாமல் சொன்னார், சாகத் தோன்றினதையும் சொன்னார். நான் வெளியே போகணுமா என்று கேட்டேன், இரு என்று கையைப் பிடித்துக்கொண்டார். இது மஞ்சள்காமாலை மாதிரி ஒரு நோய், நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை, மறதியும் இதனால் வந்திருக்கலாம், மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், வாய் உலரும், பயப்படாதீர்கள், குணமாகிவிட்டது என்று தோன்றினாலும் என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்றார். கடைசியில் என்னைப் பார்த்து, அம்மா நீங்களும் தூங்கணும், ஒரு ஆளே எத்தனை நாளைக்குக் காவல் இருப்பீர்கள், வீட்டில் மற்றவர்களிடமும் சொல்லுங்கள் என்றார். ஊருக்கு வந்து உன் பெரியப்பச்சி மகனிடமும் அன்னக்கிளியிடமும் சொன்னேன், முறை போட்டுக்கொண்டு கூட இருந்தார்கள். நான் அன்றைக்குத் தூங்கின தூக்கத்தை நீ பார்த்திருக்கணும், குறட்டை தெருவுக்குக் கேட்டதாம்.

முதலில் குணம் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடு என்றார்கள் அயித்தை. மாத்திரையும் கொடுக்கிறேன், நீங்கள் கொடுத்த விபூதியும் பூசுகிறேன், இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாது என்று சொல்லிவிட்டேன், அவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் காக்கை கத்தும்வரை தூங்கினார். ஒருநாள் பேப்பர் எங்கே என்றார். சாவியைப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டேன். சில காலை இன்னும் மந்தமாகத்தான் இருக்கிறது, முழுக்கக் குணமாக மாதங்கள் ஆகும் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார், மாசாமாசம் போகிறோம்.

இதைக் கேள். கடையில் வேலை பார்க்கும் செம்மலையின் தகப்பனார் அறையைவிட்டு வெளியே வருவதில்லையாம். அப்பச்சி தாமே அவன் வீட்டுக்குப் போய் அந்தப் பெரியவர் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்து, எனக்கும் இப்படி இருந்துச்சு, வாற வாரம் மதுரைக்குப் போறேன், எங்கூட வாங்க என்று சொல்லியிருக்கிறார். தெருவைத் தாண்டாமல் கிடந்த மனுசன். எனக்குத் தலைகால் புரியவில்லை, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பால்பணியாரம் சுட்டுக் கொடுத்தேன், என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்குச் சும்மாதான் என்றேன்.

தேனு, உன் கடைசி இரண்டு கடிதமும் நாலு வரிதான் இருந்தன. பிள்ளைவேலை என்று நினைத்தேன், இப்போது வேறுமாதிரியும் நினைக்கிறேன். தூங்குகிறாயா, சும்மா அழுகை வருகிறதா. அப்படியென்றால் மாப்பிள்ளையிடம் சொல், அங்குள்ள டாக்டரம்மாவிடம் சொல், எனக்கும் எழுது, நான் கப்பலேறி வந்துவிடுவேன். ஒன்றுமில்லையென்றால் இந்தக் கிழவிக்கு வேறு வேலையில்லை என்று சிரித்துக்கொள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். பேரன் ஆல்போல் தழைக்கட்டும், நீ மஞ்சள் குங்குமத்தோடு நிறைந்து வாழணும். வருகிறவர்கள் கையில் கோடாலித் தைலம் கொடுத்துவிட மறக்காதே, மைலோ டப்பா வேண்டாம், அலமாரியில் இடமில்லை.

இப்படிக்கு,
உன் ஆத்தா
சிகப்பி

கடுதாசியில் இடம் இருக்கிறதா என்று கேட்டு அப்பச்சி பேனாவை வாங்கிக்கொண்டார், கீழே இருப்பது அவர் கைப்பட எழுதியது.

மகள் தேனம்மைக்கு அப்பச்சி எழுதுவது. உன் ஆத்தா எழுதியதில் பாதியைத் தள்ளிப் படிக்கவும். கையைப் பிடித்துக்கொண்டது மட்டும் உண்மை.