பெயரிலார் கூடமும் ஐப்பசி ஏழாம் நாளும்

இரண்டு ஆறுகள் கூடும் முனையில் கோட்டை கொண்டவரும், வேழமலை நாட்டு ஐம்பத்திரண்டு ஊர்களுக்கும் நிழலானவருமான கோமகனார் பெருநற்சேந்தர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் இளந்தத்தன், ஈராற்றங்கூடல் மாநகரிலிருந்து, கலம் காணாத நாளே இல்லாத கரையுடைய நெய்தல்வாயில் நாட்டின் அரசியார் இளவெயினித் தேவியார் திருமுன்னுக்கும், அவர்தம் தலைமை அமைச்சர் கொற்றங்குமரனாருக்கும் தலை தாழ்த்தி எழுதும் ஓலை. தங்கள் உப்பளங்கள் வெண்மை குன்றாதிருக்க. தங்கள் துறைவிட்டுப் போன கலங்கள் யாவும் திரும்பி வருக. இங்கு யாவரும் நலம். எமக்கு மட்டும் முழங்கால் வலி. அது அரச காரியம் அன்று என்பதால் விடுகிறோம்.

சென்ற ஆவணியில் தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. தங்கள் தலைநகர் பெருகிவிட்டது என்றும், அங்கு நிகழும் குற்றங்களைத் துப்புத் துலக்கும் பணி முழுவதும் நகர்க்காவல் தலைவர் ஒருவர் தலையிலேயே விழுந்து அவர் மூச்சு முட்டிக் கிடக்கிறார் என்றும், எம் நகரில் அப்பணி எவ்வாறு பிரித்து வகுக்கப்பட்டுள்ளது என விரிவாக எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். எம் ஏற்பாட்டை ஊரெல்லாம் மெச்சுகிறது என்று வேறு குறித்திருந்தீர்கள். மெச்சியவர்கள் அதைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள். கிட்ட இருந்து பார்த்தவன் எழுதுகிறேன், பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

எம் நகர்க்காவல் மனையின் நடுவே ஒரு முற்றம், அதைச் சுற்றி ஐந்து கூடங்கள். கொலையை விசாரிப்போர் ஒரு கூடம், களவை விசாரிப்போர் ஒரு கூடம், பொய்யோலையும் கள்ள முத்திரையும் ஆராய்வோர் ஒரு கூடம், காணாமற்போனவரைத் தேடுவோர் நான்காம் கூடம். ஐந்தாவது பெயரிலார் கூடம். ஆற்றிலும் காட்டிலும் சாலையோரத்திலும் கிடைக்கிற, இன்னார் என்று தெரியாத உடல்கள் அங்கே வரும். இறந்தது எவ்விதம் என ஆராய்ந்து, கொலையென்றால் முதற்கூடத்துக்கு அனுப்புவதும், அல்லவென்றால் அடக்கம் செய்வதும் அக்கூடத்தார் கடமை. களவுக் கூடத்தில் இருபது பேர், கொலைக் கூடத்தில் பதினான்கு பேர் என்று ஆள் நிறைந்திருக்க, பெயரிலார் கூடத்தில் இருப்பவர் ஒரே ஒருவர். நெடும்பூதர் என்பது அவர் பெயர்.

அக்கூடத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெயரற்ற உடலைக் கண்டெடுத்த விசாரணையாளரே அவ்வுடலுக்கு உறவினர் ஆவார். அவரே மண் தள்ளுவார். புதைத்த இடத்தில் ஒரு புன்னைக் கன்று நடுவார். ஆண்டுதோறும் அந்நாளில் விளக்கேற்றி, ஒரு பொழுது உப்பில்லாத சோறு உண்பார். முன்னோர் இதை விதித்தபோது அடுத்த ஆண்டுக்குள் எப்படியும் பெயர் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். நெடும்பூதருக்கோ மனைவி இல்லை, மக்கள் இல்லை, உடன்பிறந்தாரும் இல்லை. பிணத்தோடு பழகுகிறவர் என்று மற்றக் கூடத்தார் அவரோடு அமர்ந்து உண்பதில்லை. ஆகவே அவருக்கு உறவு என்று இருந்தவர்கள் எல்லாம் காவல்மனைக்குப் பின்னே புன்னை மரங்களின் அடியில் இருந்தார்கள். ஆண்டில் பதினோரு நாள் அவர் உப்பில்லாமல் உண்டார்.

இனி எம் ஏற்பாட்டின் கோளாற்றைச் சொல்கிறோம். எம் கோமகனாரின் தந்தையார் காலத்தில் களவுக் கூடத்தான் ஒருவன் கொலைக் கூடத்து ஓலையைப் படித்துச் செய்தியைக் குற்றவாளிக்கு விற்றுவிட்டான். அன்று முதல், ஒரு கூடத்து ஓலையை மற்றக் கூடத்தார் வாசிக்கலாகாது, ஒரு கூடத்துக் காரியத்தை மற்றக் கூடத்தார் கேட்கவும் கூடாது, மீறினால் பதவி பறிபோகும் என்று சட்டமாயிற்று. அதனோடு காணாதோர் கூடத்து ஓலைகள் பெயர் வரிசையில் அடுக்கப்பட்டன. பெயரிலார் கூடத்து ஓலைகளோ உடல் கிடைத்த இடத்தின் வரிசையில் அடுக்கப்பட்டன. வேறு எப்படி அடுக்குவது என்று அன்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசித் தேய்பிறை ஏழாம் நாள், மூங்கில் துறையில் ஆண் உடல் ஒன்று ஒதுங்கியது. காயம் இல்லை, வெள்ளத்தில் மூழ்கி இறந்தவர் என்று நெடும்பூதர் முடிவு கண்டார். ஒரு காலில் மட்டும் செருப்பு எஞ்சியிருந்தது. அந்த இடக்கால் செருப்பின் உட்புறம் ஒரு விரல் கனத்துக்குத் தோல் வைத்துத் தைத்திருந்தது. கடையில் தைத்த தையல் அன்று, யாரோ வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகத் தைத்தது என்று ஓலையில் குறித்தார். ஆற்றோரத்து ஏழு ஊர்களில் பறையறைந்தும் ஒருவரும் வரவில்லை. வழக்கப்படி புதைத்து, கன்று நட்டு, அவருக்கு உறவினர் ஆனார். மற்ற பத்துப் பேரைவிட இவர்மேல் அவருக்குப் பற்று அதிகம். அந்தத் தையலைப் பார்த்துப் பார்த்து, இவருக்காக ஒருவர் இப்படிக் குனிந்து தைத்திருக்கிறாரே என்று எண்ணி எண்ணி வந்த பற்று அது. எனக்கு யாரும் அப்படித் தைத்ததில்லை என்று தம் வாக்குமூல ஓலையில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டுக் கார்த்திகையிலிருந்து, ஒவ்வொரு நிறைமதி நாளிலும் ஒரு பெண்மணி காணாதோர் கூடத்துக்கு வந்து போனார். தங்கள் நாட்டு உவர்க்காட்டு ஊரைச் சேர்ந்த வெண்ணங்கையார் அவர். உப்பு விற்க வந்து திரும்பாத கோவஞ்சாத்தரின் மனைவி. படகில் இரண்டு நாள் வந்து, செய்தி உண்டா என்று கேட்டு, இல்லை என்ற சொல்லை வாங்கிக்கொண்டு, முற்றத்து நாவல் மரத்தடியில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்ப்பார். அதே உச்சிப்பொழுதில் நெடும்பூதர் தம் கூடத்து வாசலில் அமர்ந்து தம் சோற்றை உண்பார். இருவருக்கும் இடையே நாற்பது அடி. ஒருமுறை அவர் தண்ணீர் கேட்க, இவர் கொடுத்தார். நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்பது சட்டப்படி குற்றம்; எனவே கேட்கவில்லை. மூன்று ஆண்டுகள் இருவரும் இப்படி எதிரெதிரே தனியாக உண்டார்கள்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் காணாதோர் கூடத்துக் கூரை ஒழுகியது. நெடும்பூதரின் கூடத்தில் எப்போதும் புகை போட்டு அடுப்பு எரியும் என்பதால், நனைந்த ஓலைக் கட்டுகளை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். உலர்த்துக, ஆனால் வாசிக்க வேண்டா என்று சொல்லிப் போனார்கள். எழுத்தறிந்தவன் கண்ணுக்கு அப்படியெல்லாம் பூட்டுப் போட முடியுமா என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஓர் ஓலையைத் திருப்பிப் போடும்போது ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. உப்பு வணிகர் கோவஞ்சாத்தர், இடக்கால் ஒரு விரல் குட்டை, செருப்புக்குள் மனைவி தோல் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

சொன்னால் பதவி போகும். அது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சொன்னால் புன்னையடியில் இருப்பவர் தம் வீட்டாரிடம் போய்விடுவார், அதுதான் தாங்கவில்லை. மூன்று ஆண்டு நீர் ஊற்றி, மூன்றாம் விளக்குக்குத் திரி திரித்து வைத்திருந்த நேரம் அது. நான்கு நாள் கழித்து நிறைமதி வந்தது, வெண்ணங்கையார் வந்தார், கேட்டார், இல்லை என்றார்கள், மரத்தடியில் அமர்ந்து உண்டார், போனார். நெடும்பூதர் வாசலில் இருந்தபடி வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் நாள் வந்தது. விளக்கேற்றி, உப்பில்லாச் சோற்றைப் பிசைந்தவருக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை. பிறர் வீட்டு மனிதரைத் திருடி வைத்திருக்கிறேன், களவுக் கூடத்தார் என்னையல்லவா பிடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அடுத்த நிறைமதியில் அவர் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்பது அடியைக் கடந்து நாவல் மரத்தடிக்குப் போனார். வெண்ணங்கையார் செருப்பை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாராம்.

வழக்கு கோமகனார் முன் வந்தது. ஓலையை வாசித்த குற்றத்தை அவர் மன்னித்தார். வாசித்திராவிட்டால் உண்மை இன்றளவும் வெளிவந்திராது என்பதே காரணம். ஒரு மாதம் மறைத்த குற்றத்துக்கு என்ன தண்டனை என்று வெண்ணங்கையாரையே கேட்டார். அவர் சொன்னதை மெருகேற்றாமல் அவர் வாய்மொழியிலேயே எழுதுகிறேன்.

"அந்த ஒரு மாசத்துக்கு எனக்குக் கோவந்தான், இல்லேங்கல. ஆனா மூணு வருசமா உசிரோட இருக்காருன்னு நெனச்சு நான் ஒரு வெளக்கு ஏத்தல, ஒரு பிடி சோறு வெக்கல. எனக்குப் பதிலா இவருதான் எல்லாம் பண்ணியிருக்காரு. உப்பு வித்தவருக்காக உப்பில்லாம தின்னாராம். வர்ற ஐப்பசி திதிக்கு எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க. பந்தியில உக்காந்து உப்புப் போட்டுச் சாப்புடட்டும்."

எமக்குக் கண் கலங்கியது; முழங்கால் வலியால் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னோம். வெண்ணங்கையார் எலும்புகளைத் தாழியில் வைத்துத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். அடியில் எவரும் இல்லாத அந்தப் புன்னைக்கு நெடும்பூதர் இன்றும் நீர் ஊற்றுகிறார்.

இப்போது எம் கூடங்களுக்கிடையே கதவு திறந்திருக்கிறது. நிறைமதிதோறும் ஐந்து கூடத்துத் தலைவர்களும் முற்றத்தில் அமர்ந்து, காணாதோர் ஓலைகளையும் பெயரிலார் ஓலைகளையும் உரக்க வாசித்து ஒத்துப் பார்க்கிறார்கள். இவ்வோராண்டில் ஆறு பேருக்குப் பெயர் கிடைத்தது. தாங்களும் பணியைப் பிரித்து வகுக்கும்போது சுவர் எழுப்பும் முன் கதவுக்கு இடம் விடுக. பெயரிலார் கூடத்தில் ஒருவரை மட்டும் அமர்த்த வேண்டா. தாங்கள் கேட்டதற்கு விடை இவ்வளவே.

இனி எம் கோமகனாரின் வேண்டுகோள். வெண்ணங்கையாரின் அழைப்புக்கு நெடும்பூதர் இணங்கவில்லை. வழக்குக்குரியவர் வீட்டில் விசாரணையாளர் கை நனைக்கலாகாது என்ற விதியைக் காட்டினார். விதியைத் தளர்த்தினோம், மறைத்த அந்த ஒரு மாதத்தோடு அவ்வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்றார். அவர் அழைப்புக்கு அசையும் மனிதர் அல்லர், ஆணைக்கு அசைவார். எம் ஆணையோ தங்கள் எல்லைக்குள் செல்லாது. ஆகவே இவ்வோலையை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம். தங்கள் முன் நிற்கும் நெட்டையான, தலை நரைத்த தூதர் அவரே. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் அறியார். பிறர் ஓலையை இனி ஒருபோதும் வாசிக்க மாட்டார்.

தேவியார் தம் பெயரால் பிறப்பிக்க வேண்டிய ஆணை இது. இந்த ஐப்பசியில் வரும் தேய்பிறை ஏழாம் நாள் இத்தூதர் உவர்க்காட்டில் கோவஞ்சாத்தர் மனையில் உறவினர் வரிசையில் அமர்க. அவர் இலையில் முதலில் உப்பு வைக்கப்படுக. அவர் உண்டு முடிக்கும்வரை பந்தியில் ஒருவரும் எழற்க.

ஆட்சியாண்டு பன்னிரண்டு, ஐப்பசி இரண்டாம் நாள், நடக்கும் வேழ முத்திரை அரக்கில் பதித்து, எம் கைப்பட எழுதி முடித்தோம். ஆறும் கடலும் சான்று.