அம்மா கட்டிய தறப்பாள்

நாவற்குடா,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு,

மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் நீயும் மருமகன் சிவதர்ஷனும் வயிற்றுக்குள் இருக்கிற குட்டி ஆளும் டோஹாவில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் போனவன் கொஞ்சம் யோசித்தேன். இன்றைக்கு அது உண்மைதான், போன கிழமை எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு கையைக் கிள்ளுகிறாள், அதனால்தான் கடிதம். பயப்படாதே, இரண்டு பேரும் முழுசாக இருக்கிறோம், ஆறுதலாக வாசி.

மாரி நன்றாகப் பிடித்துவிட்டது. மண்டூர் வயல் வட்டையில் விதைத்த நெல் பச்சை பிடித்து நிற்கிறது, பெரியப்பாவுக்கு வாய் நிறையச் சிரிப்பு. பிள்ளைப்பேற்றுக்கு நீ இங்கே வருவதாகச் சொன்ன நாளில் இருந்து அம்மாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. முதல் பிள்ளை தங்காமல் போனபோது நீ அங்கே தனியாகக் கிடந்தாய், ஒரு வாளி வெந்நீர் வார்க்கக்கூட ஆள் இல்லை என்று அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த முறை பாவட்டை இலையும் நொச்சி இலையும் அவித்துத் தன் கையாலேயே வார்ப்பது என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆனால் அவளுடைய தோள்மூட்டு வெந்நீர்க் கிடாரம் தூக்க விடாது, மார்கழி மழைக்குள் விறகும் எரியாது. கரண்ட் ஹீற்றர் என்றால் நம் வீட்டுப் பழைய வயர் தாங்காது. அப்படித்தான் காஸ் ஹீற்றர் வாங்கினோம்.

காஸ் வேலை செய்கிற காத்தான்குடி மின்ஹாஜ்தான் வந்து பூட்டினார். குளியலறைக்கு உள்ளேயே வைக்கச் சொல்லி அம்மா அடம்பிடித்தாள். அவர் கேட்கவில்லை. உள்ளுக்க வைக்க ஒண்ணாது ஐயா, நெருப்பு எரியிற இடத்தில காத்து ஓடோணும், காஸ் கசிஞ்சா மூக்குக்குத் தெரியும், எரிஞ்சு வாற நச்சுக்கு மணமே இல்ல, என்றார். வெளியே பின்சுவரில் தாழ்வாரத்துக்குக் கீழே பூட்டிவிட்டுப் போனார். அது யன்னலுக்கு மிகக் கிட்ட என்பது அன்றைக்கு எங்கள் மூன்று பேர் தலையிலும் ஏறவில்லை.

மறுநாள் வாடைக் காற்று அடித்தது, ஹீற்றரில் நெருப்பு இரண்டு தரம் அணைந்தது. உன் அம்மாவின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. நெல் மூடுகிற நீலத் தறப்பாளை எடுத்து ஹீற்றரைச் சுற்றி மூன்று பக்கமும் நிலம் வரைக்கும் இழுத்துக் கட்டினாள். பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாதே, அதற்காக யன்னலுக்குள் நான் உடுத்த பழைய சாரத்தை அடைத்தாள், கதவுக்குக் கீழே சாக்கு வைத்தாள். யன்னலுக்கு மேலே கூரையோடு இருக்கிற காற்றோட்டைகள் மட்டும் அவளுக்கு எட்டவில்லை. என்ட புள்ளைக்கு வாக்கிற சூடு எவ்வளவு எண்டு நான்தானே பாக்கோணும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். எனக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் தெரியாது, நான் முன்னால் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், மகள். தலையிடிக்குது, கால் பாரமாக் கிடக்கு, பிறஷர் குளிசை போடல்ல போல, என்றாள். முகத்தைப் பார்த்தேன், அது பிறஷர் முகம் இல்லை. மாமரத்துக்குக் கீழே காற்றில் இருத்திவிட்டுப் பின்பக்கம் ஓடினால் தறப்பாளுக்குள் நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது, மின்ஹாஜ் சொன்ன அந்த மணமில்லாத நச்சு வெளியே போக வழியில்லாமல் அந்த ஓட்டைகளால் உள்ளே போயிருக்கிறது. சிலிண்டர் வாயை மூடிவிட்டு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒட்சிசன் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே இருந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கினார், முடிக்கவில்லை. பின்னேரம் நடந்தே வீட்டுக்குள் வந்தாள். அந்த இடத்தில் நீ பச்சை உடம்போடு, கையில் பிள்ளையோடு இருந்திருந்தால் என்ற நினைப்பு என்னை இன்னும் விடவில்லை.

அதற்குப் பிறகு உன் அம்மா வேலையிலேயே கிடந்தாள். சட்டி கழுவினாள், கோழிக்குத் தீன் போட்டாள், என்னோடு சண்டைகூடப் பிடிக்கவில்லை. கடைசியில், அவள் அங்கேயே பெறட்டும், நான் என்ட புள்ளையக் கொல்லப் பாத்தவள், வரவேணாம் எண்டு சொல்லுங்க, என்றாள். உன்னை வளர்த்த என் அன்னப்பூரணியா இது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மின்ஹாஜுக்குச் சொல்லியனுப்பினேன். தறப்பாளைப் பார்த்ததும் தலையில் கை வைத்தவர், யன்னலுக்குக் கிட்டப் பூட்டினது என்ட பிழைதான் என்று தானும் ஒத்துக்கொண்டார். இப்போது ஹீற்றர் கிணற்றடிச் சுவரில், எந்த யன்னலுக்கும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் திறப்பு. சிலிண்டர் நிமிர்ந்து வெளியே நிற்கிறது, புதிய குழாய், இரண்டு முனையிலும் கிளிப். குழாயில் சவர்க்கார நுரை பூசி, காஸ் கசிந்து குமிழ்முட்டை கிளம்புகிறதா என்று பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன், சிலிண்டர் மாற்றுகிற நேரமெல்லாம் அதைச் செய்வேன். வாடைக்கு நெருப்பு அணைந்தால் அணையட்டும், திரும்பப் பற்றவைக்கலாம்.

அப்போதுதான் உன் அம்மா கிட்ட வந்தாள். கேட்ட கேள்வி என்ன தெரியுமா, குளிக்கிற நேரம் ஹீற்றர் எரியத்தான் வேணுமா தம்பி? அவளே பதிலும் சொன்னாள். யன்னலைத் திறந்து வைச்சு பெரிய தொட்டியில சுடுதண்ணிய நிரப்புறது, காஸ நிப்பாட்டுறது, மறுகா அடுப்பில அவிச்ச இலைத்தண்ணியக் கலந்து புள்ளையக் கூட்டி வாறது, யன்னல அதுக்குப் பிறகு சாத்தினா என்ன? ஒன்றுமில்லை உம்மா, அது நல்ல ஒழுங்கு, என்றார் அவர். அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். நேற்று அப்படியே செய்து என்னைக் குளிப்பாட்டிப் பார்த்தாள், பிள்ளை பெறாமலே எனக்குப் பாவட்டைத் தண்ணீர் கிடைத்தது. தலையிடி ஒன்றும் இல்லை, தோல்தான் கொஞ்சம் சிவந்தது, உனக்குச் சூட்டைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் எழுத வேண்டாம், கேட்டால் பிள்ளை பயந்து வரமாட்டாள் என்கிறாள் அம்மா. எனக்கு அப்படி மறைத்து உன்னைக் கூப்பிட மனம் வரவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு மருமகனோடும் பேசி முடிவெடு. வருவதென்றால் விமானம் ஏறலாம் என்று டொக்டரிடம் கடிதம் வாங்க மறந்துவிடாதே, பிந்தினால் ஏற்றமாட்டார்களாம். தண்ணீர் நிறையக் குடி, பாரம் தூக்காதே. மின்ஹாஜின் மச்சான் ஞாயிற்றுக்கிழமை டோஹா வருகிறார், கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிய வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கிறோம்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா அழகரத்தினம்.

புள்ள, அப்பா வெளிய போன நேரம் எடுத்து வாசிச்சன். எழுதினதெல்லாம் உண்மைதான். நான் இனிக் கவனமா இருப்பன். என்னை நம்பி வா.
அம்மா.