வாசல் சீட்டு என்று சொன்ன காகிதம்

கப்பல் சங்கு ஊதினால் இன்னும் என்னை வாசலைப் பார்க்கவைக்கும் என் நைனாவுக்கு,

உன்னைக் கொன்ற கம்பெனி மூட்டை கட்டுகிறது. வெள்ளைக்காரத் துரை அடுத்த வாரம் கப்பலேறுகிறான். கம்பெனியில் டைப் அடிக்கும் என்னைக் கூப்பிட்டு, பழைய காகிதங்களை எரித்துவிடச் சொன்னான். நான் யார் மகள் என்று அவனுக்குத் தெரியாது.

"சின்னத் தீவுக்காரன் எப்பிடிமா ஒலகத்தையே புடிச்சான்?" என்று கேட்பாயே. உனக்காகவே தேடிப் படித்தேன். பீரங்கி, நீராவி, நம் ராஜாக்களின் சண்டை என்று புத்தகத்துக்கு ஒரு காரணம். எல்லாம் உண்மைதான். ஒன்று விட்டுப்போயிருந்தது. அது எரிக்கவேண்டிய காகிதக் கட்டில் கிடைத்தது.

'குடித்துவிட்டுச் சரக்குக்கடியில் நின்றதால் இறந்தான்.' உன்னைப் பற்றித்தான் நைனா. துரையின் கையெழுத்து, கீழே உன் கூட்டாளி காதர் மாமாவின் கைநாட்டு.

நீ கள்ளைத் தொட்டதில்லை. அறுந்தது சரக்கைத் தூக்கிய துருப்பிடித்த கம்பிவடம். மாற்றச் சொல்லி நான்கு நாள் கத்தினாய். யுத்தச் சரக்கு நிற்கக்கூடாது என்றார்கள்.

காதர் மாமாவின் முகத்தில் காறித் துப்பத்தான் தண்டையார்பேட்டைக்குப் போனேன். படித்துக் காட்டியதும் காகிதத்தை வாங்கித் தன் கைநாட்டைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாமா சொல்றே? பொணத்த வெளிய எடுத்துகினு போக வாசல் சீட்டுன்னாங்களே. அதுக்குதான் வெச்சேன்."

அவர்கள் எழுதினார்கள். நாம் படிக்காமல் விரல் வைத்தோம். உலகத்தை இப்படியும் பிடிக்கலாம் போலிருக்கிறது.

இரண்டு யுத்தங்கள் அவர்களை உறிஞ்சிவிட்டன, நாடுகள் ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. தாங்கள் எழுதியதைப் பார்த்துத் தாங்களே பயப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு இனிக்கிறது. ஆனால் கம்பெனியை வாங்கும் நம் ஊர் முதலாளியும், "எரிச்சிடும்மா, எதுக்கு வம்பு" என்றார். அப்படியானால் முடிந்துபோனது எது நைனா?

கம்பிவடம் அறுந்த கதையைப் புதுக் காகிதத்தில் எழுதினேன். காதர் மாமா மையைத் தொடவில்லை.

"இந்த தபா படிச்சிக் காட்டு கண்ணு. அப்பால வெக்கிறேன்."

இரண்டு முறை கேட்டார். பிறகுதான் விரல் வைத்தார்.

துரை கப்பலேறும் நாளில், உன்னைத் தூக்கிவந்த அதே துறைமுக வாசலில் இரண்டு காகிதங்களையும் ஒட்டுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்று சத்தமாகப் படிப்பேன். முதலில் நம் ஆட்களுக்குத் தமிழில். பிறகு, அவன் வண்டி வாசலைத் தாண்டுவதற்குள், அவனுடைய மொழியில்.

அந்தக் காகிதக் கட்டில் உன்னுடையதை மட்டும் எரிக்காத,
உன் மகள்