எங்கள் சிவப்புக் காரின் பவரைக் கழற்றினேன்

எடியே, மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையிலிருந்து ஸ்ரியரிங் எண்ணெய் மணம் போகவில்லை. சோறு குழைக்கும்போதும் அதே மணம். இவர் மூக்கைச் சுளிக்கிறார். எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்த காலம் நினைவிருக்கிறதா? ஊராருடைய கார்களுக்கெல்லாம் பாகம் பூட்டி அலுத்துப்போய், எங்களுக்கென்று ஒரு கார் வேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய். அதுவும் எங்கள் வயதுக் காராக இருக்க வேண்டுமாம். நீண்ட மூக்கும், ஸ்ராட் பண்ணினால் பக்கத்து வீட்டு யன்னல் அதிரும் எட்டுச் சிலிண்டர் எஞ்சினுமாக அந்தச் சிவப்பு மசில் காரைத் தேடிப் பிடித்தாய். ஸ்காபரோ ஊர் முழுக்கச் சிரித்தது. நீ ஹோர்ன் அடித்துக் கை காட்டிக்கொண்டு போனாய். நான் பக்கத்து சீற்றில் முகம் தெரியாதபடி சரிந்து கிடந்தேன்.

வாங்கிய கிழமையே நீ சொன்னாய்: "இந்தப் பவர் ஸ்ரியரிங்கைக் கழட்டி எறிவம். ரோட்டு கைக்குத் தெரியேல்லை. பாயாசம் கிளறுற மாதிரிக் கிடக்கு."

எனக்குப் பயம் பிடித்தது. "உந்தப் பெரிய காரை வெறுங்கையாலை திருப்ப என்னாலை ஏலாது. பிறகு நீ மட்டும்தான் ஓடுவாய்" என்றேன்.

"சரி, இருக்கட்டும். ரெண்டு பேரும் ஓடத்தானே வாங்கினது" என்றாய். அவ்வளவுதான். அந்தப் பேச்சை நீ திரும்ப எடுக்கவேயில்லை. உன் ஆசையை அவ்வளவு லேசாக மடித்து வைத்துவிட்டாய்.

நீ போய் இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. செத்தவீடு முடிந்து கல்கரிக்குத் திரும்புமுன் உன் மகன் என்னிடம் சாவியைத் தந்தான். "அன்ரி, கார் உங்களோடையே இருக்கட்டும்" என்றான். அதன்பிறகு பற்றறி சாகாமல் இருக்க வீட்டுப் பக்கத்து வெக்ஸ்போர்ட் தெருக்களைச் சுற்றி வருவதோடு சரி. தூரம் போக மனம் வரவில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு நாள் லோறன்ஸ் வீதியில் போய்க்கொண்டிருக்கிறேன், முன்பக்கத்திலிருந்து புகை! நெருப்புத்தான் என்று நினைத்து ஓரங்கட்டினேன். நெருப்பில்லை. ஸ்ரியரிங் பம்பிலிருந்து எண்ணெய் ஒழுகி, சூடான புகைக்குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது. இழுவை வண்டியில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

கராஜ் அண்ணை கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார். "பம்பும் சரியில்லை, ஹோசுகளும் சரியில்லை, ஸ்ரியரிங் பெட்டியும் ஆடுது. எல்லாத்தையும் புதுசாப் போடுவமோ?"

வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது. "எல்லாத்தையும் கழட்டுவம். மனுவலாக்கி விடுங்கோ, கைப்பலத்திலை திருப்புறன்" என்றேன்.

"தங்கச்சி, சனம் மனுவலைக் கழட்டிப் பவர் போடுது. நீங்கள் தலைகீழாக் கேக்கிறியள்!"

"ஓம் அண்ணை. கழட்டுறதை நான் கழட்டுறன்."

கழற்றினேனடி! ஒரு சனிக்கிழமை முழுவதும். பெல்ற், பம்ப், அதைத் தாங்கிய இரும்பு, ஒழுகி ஒழுகிக் கறுத்த ஹோசுகள். ஒவ்வொரு நட்டும் இளகும்போது தொழிற்சாலையில் நீ விசிலடித்தது காதில் கேட்டது. கடைசியில் எஞ்சினின் முன்பக்கம் துப்புரவாக, வெளிச்சம் உள்ளே போகும்படி இருந்தது. அமெரிக்காவிலிருந்து மனுவல் பெட்டி வந்தது. ஆனால் ஸ்ரியரிங் தண்டோடு அதை இணைக்கும் துண்டு பொருந்தவில்லை. பவர் பெட்டிக்கு ஒரு அளவு, மனுவலுக்கு வேறொரு அளவாம். கார் திரும்பவும் தூக்கியில் தொங்கியது. "உனக்கு ஏன் உந்த விசர் வேலை? வித்துப்போட்டு நிம்மதியா இரன்" என்றார் இவர். அன்றிரவு எனக்கும் மனம் ஆட்டம் கண்டது. பூட்டி முடித்தும் திருப்ப ஏலாமல் போனால், நீ விட்டுப்போன காரை நானே ஓடாமல் செய்தவளாகிவிடுவேனே.

சரியான துண்டு முந்தநாள் வந்ததும், கையெல்லாம் எண்ணெயாகப் பூட்டினோம். சக்கரங்களை நேர்பார்த்து, முன் ரயர்களில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, நேற்று எடுத்துக்கொண்டு வந்தேன். இவரும் பக்கத்தில் ஏறினார், சீற்பெல்ற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி.

நேரே தமிழ்க் கடைக்கு விட்டேன். சனிக்கிழமைக் கூட்டம். சாமான் வாங்கிக்கொண்டு, நிறுத்திய இடத்திலிருந்து காரை வெளியே எடுக்கிறேன், ஸ்ரியரிங் அசையவில்லை! இழுக்கிறேன், தோள் பிடுங்குகிறது. பின்னால் ஒரு வான் ஹோர்ன் அடிக்கிறது. மரக்கறிப் பைகளோடு சனம் நின்று பார்க்கிறது. வேறு காலமென்றால் சீற்றுக்குள் சரிந்திருப்பேன். கண்ணாடியை இறக்கி, "அண்ணை, இது பவரில்லாத கார்! கொஞ்சம் பின்னாலை எடுங்கோ!" என்று கத்தினேன். வான்காரர் சிரித்துக்கொண்டு பின்னால் எடுத்தார். காரை ஒரு முழம் உருளவிட்டுத் திருப்பினேன். வெண்ணெய் மாதிரித் திரும்பியது! நின்ற காரோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறேன். உருண்டால் அது தானாக வருகிறது.

கிங்ஸ்ரன் வீதியில் ஏறியதும் நான் கத்திய கத்தலில் இவர் பயந்துவிட்டார். தார் ஒட்டுப்போட்ட இடம், மழைநீர் அரித்த வரி, சாக்கடை மூடிக்கு மேல் ரயர் ஏறுவது, எல்லாம் உள்ளங்கைக்கு வந்தது. வளைவில் நான் கொஞ்சம் இழுத்தால் கார் கொஞ்சம் இழுத்தது. யாரோ மறுமுனையில் என் கையைப் பிடித்துக் குலுக்கியதுபோல இருந்தது. அன்றைக்கு நீ கேட்டது இதைத்தானே என்று கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடேயே சிரித்தேன்.

வீட்டு வாசலில் இறங்கினோம். இவர் காரை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இனிப் பிரேக்கின்ரை பவரையும் கழட்டப் போறியோ?"

முந்தி இப்படி எதைக் கேட்டாலும் கேள்வி முடியுமுன் "ஐயோ வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன். உன்னோடு அத்தனை வருடம் பக்கத்து சீற்றில் இருந்திருக்கிறேனடி, ஒன்றும் ஒட்டாமலா போகும்?

"யோசிக்கிறன்" என்றேன்.