சுக்கானைப் பிடித்தவர்

கோப்பாய் தெற்கு,
24.06.2025, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தர்ஷன் அறிய,

இங்கே உங்கள் அம்மாவும் நானும் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எப்படிப் பொழுது போக்குகிறீர்கள் என்பது எனக்குத் திகதியும் நேரமுமாகத் தெரிகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் எடுக்கும்போது பஸ்ஸில் நிற்கிறீர்கள், அல்லது அறையில் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் மாமி கதிரையை இழுத்து வந்து என் தோளுக்குப் பின்னால் இருந்துவிடுகிறார். நான் ஒரு விசயத்தைத் தொடங்கினால் "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். நீர்வேலி ஏரம்பு மாமா வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போய், மறுநாள் ரொறன்ரோவுக்கு ஏறுகிறார். மகளுக்குப் பிள்ளைப்பேறு. தன் பெட்டியில் நமக்கு மூன்று கிலோ இடம் தந்திருக்கிறார். மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பனங்கட்டியும் போனது போக, இந்தக் கடிதத்துக்கும் இடம் இருக்கிறது.

மற்றச் செய்திகளை முதலில் எழுதிவிடுகிறேன். மாமியின் பிரஷர் குறைந்திருக்கிறது. ஊறுகாயை நான் ஒளித்து வைத்ததுதான் காரணம். கிணற்று மோட்டர் திரும்பவும் நின்றது, திருத்தியாயிற்று. வைகாசிக் காற்றில் பின்வளவு வாழையில் ஆறு முறிந்து விழுந்தன. தொண்டைமானாற்றில் என் அம்மாவும் அண்ணையும் உங்களைக் கேட்டார்கள். எப்போது நான் வெளிக்கிடுகிறேன் என்றும் கேட்டார்கள். தை மாதம் உங்கள் அகதி வழக்குச் சரிவந்ததிலிருந்து எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். இனி என் பெயரைப் போட்டு விண்ணப்பம் அனுப்புவது மட்டும்தான் மிச்சம் என்று நீங்கள் சொன்னீர்கள். ஆறு மாதம் முடியப் போகிறது.

சென்ற புதன்கிழமை கேம் கொன்ட்ரோலர் ஒன்றைத் துடைக்கும்போது அதன் பொத்தான் ஒன்று அமர்ந்துபோய் மேலே வரவில்லை. உங்களுடையது அல்ல, என்னுடையது. யாழ்ப்பாண ரவுனில் சுதாகரனின் கடைக்குக் கொண்டுபோனேன். நாங்கள் டிஸ்க் வாங்கி, விளையாடி முடித்து, வேறு டிஸ்க்குக்கு மாற்றி எடுக்கிற அதே கடை. இப்போது அந்தத் தட்டுகளில் போன் உறைகள் தொங்குகின்றன. டிஸ்க்குகள் கீழே ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் கிடக்கின்றன. ஏன் என்று கேட்டேன். இப்போது எல்லாரும் வீட்டில் இருந்தே டவுன்லோட் எடுக்கிறார்கள், கூடையைப் பார்க்க வருகிறவர்கள் என்னைப் போல நாலைந்து பேர்தான் என்றான். பொத்தானைக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், இதையும் சொன்னான்:

"அக்கா, உங்கடை அந்த வள்ள விளையாட்டு மாசியிலை புதுசா வந்திருக்கு. டவுன்லோட் எடுத்தா ஒராள் கனடாவிலையும் ஒராள் கோப்பாயிலையும் இருந்து விளையாடலாம். டிஸ்க்கிலை அது ஏலாது, பக்கத்திலை பக்கத்திலை இருந்தாத்தான் சரி. அண்ணை சொல்லேல்லையோ?"

சொன்னவர் என்றேன். உங்களுக்காக ஒரு கடைக்காரனிடம் பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. உங்களுக்கும் இது தெரிந்திருக்காது, நான்தான் முதலில் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். கல்வியங்காடு தாண்டும்வரை அந்த நினைப்புத்தான். பிறகு, மாசியில் வந்தது உங்களுக்கு இவ்வளவு நாளும் தெரியாமலா இருக்கும் என்று தோன்றியது.

நாம் அந்த டிஸ்க்கை வாங்கியது கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை. ஒரு வள்ளம், ஒன்பது துறை, இரண்டு பேர். ஒருவர் சுக்கான், மற்றவர் பாய். தனி ஆளாக முதலாம் துறையை விட்டே வெளிக்கிட முடியாது. நான் தொண்டைமானாற்றுக் கடற்கரைப் பிள்ளை என்பதால் சுக்கான் என்னிடம் வந்தது. நீங்கள் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் வைத்த வீட்டுப் பிள்ளை. காற்றுக்கு எதிராகப் பாயை விரித்து எத்தனை தரம் வள்ளத்தைக் கவிழ்த்தீர்கள். மாமி உள்ளே இருந்து "வள்ளம் இன்னும் கரைக்கு வரேல்லையோ?" என்று கேட்பார். ஆறாம் துறையில் வள்ளத்தைக் கட்டியபோது உங்களுக்கு விசா வந்தது. விமான நிலையத்துக்கு வெளிக்கிடுவதற்கு முதல்நாள் கொன்ட்ரோலர் இரண்டையும் துணியில் சுற்றி வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "நீர் ஒருத்தரோடையும் ஏழாம் துறைக்குப் போகக்கூடாது. நானும் போகமாட்டன்."

டிஸ்க்கா டவுன்லோடா என்று நாம் எவ்வளவு வாதாடினோம். டிஸ்க் கீறுப்படும், பெட்டி தூசி பிடிக்கும், ஒவ்வொரு தரமும் எழும்பிப்போய் மாற்ற வேண்டும் என்பது உங்கள் கட்சி. நம் லைனில் ஒரு விளையாட்டு இறங்க இரண்டு நாள் பிடிக்கும், டவுன்லோட் எடுத்ததை ஒருவருக்கு இரவல் கொடுக்கவோ மாற்றவோ முடியாது, கொம்பனி நினைத்தால் ஒருநாள் எடுத்துவிடும் என்பது என் கட்சி. அப்போது நான் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. டிஸ்க் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் இருக்காது. அது என் அலுமாரிக்குள் இருக்கிறவரை நீங்கள் அதை வேறு எங்கேயும் விளையாட முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கொன்சோலைப் போட்டேன். உங்கள் படம் என் படத்துக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதைத் திறந்தால் அந்தப் புது வள்ள விளையாட்டில் நீங்கள் வென்ற கோப்பைகள் வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் திகதி, நேரம். இவ்வளவு நாளும் நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

முதலாம் துறை, மே 4, ஞாயிறு. மூன்றாம் துறை, மே 11. ஏழாம் துறை, ஜூன் 1. ஒன்பதாம் துறை, ஜூன் 15, ஞாயிறு, எங்கள் நேரம் பின்னேரம் 7.42. உங்களுக்குக் காலை 10.12. அன்று நீங்கள் அனுப்பிய செய்தி என் போனில் இருக்கிறது: "ஓவர்டைம். பிறகு எடுக்கிறன்." கடைசிக் கோப்பை தங்கநிறம், அதில் பாய் ஒன்று கீறியிருக்கிறது. ஒன்பது துறைக்கும் பாய் பிடித்தவருக்குக் கொடுப்பது. ஆகவே நீங்கள் பாயில் இருந்திருக்கிறீர்கள். என் சுக்கானை ஒரு ஆள் பிடித்திருக்கிறது.

ஆறு நாளாக அந்த ஆளின் கையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல நகம் இருக்கும். நீங்கள் பாயைப் பிழையாக விரிக்கும்போது சிரித்திருக்கும். "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று என்னிடம் கத்தியது போல அங்கேயும் கத்தியிருப்பீர்கள். இந்த விளையாட்டு உங்களுக்கு முன்பே தெரியுமா என்று அது கேட்டிருந்தால், என்ன மறுமொழி சொன்னீர்கள்?

நீங்கள் டவுன்லோட் எடுத்தது எனக்குப் பிரச்சினை இல்லை. எடுத்த அன்றைக்கே ஒரு அழைப்பு அனுப்பியிருந்தால், நான் கோப்பாயில் இருந்தபடி ஏழாம் துறைக்கு வந்திருப்பேன். அது முடியும் என்று தெரிந்துகொண்டும் பக்கத்தில் இன்னொரு ஆளை இருத்தினீர்கள். ஏழு ஞாயிற்றுக்கிழமை.

வேறொன்றும் கேட்கவில்லை. பெயரை மட்டும் எழுதுங்கள்.

உதயகலா.

26.06.2025, வியாழக்கிழமை.

மேலே உள்ளதை எழுதி ஒட்டிவிட்டேன். இப்போது உறையைக் கிழித்து இதையும் சேர்க்கிறேன். முதல் பகுதியை எறிந்துவிடலாம் என்று பார்த்தேன். எறியவில்லை. ஆறு நாள் நான் எப்படி இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நேற்று ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் பெரியப்பாவின் மகள் பிரதீபாவுக்குப் போன் எடுத்தேன். ஏரம்பு மாமாவிடம் சாமான்களை யார் எடுப்பது என்று கேட்பதாகத் தொடங்கினேன். பிறகு, தர்ஷனின் அறைக்கு ஆட்கள் வந்து போகிறார்களோ, ஞாயிற்றுக்கிழமை கேம் விளையாடுகிறாராமே என்று போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டேன். பிரதீபா மச்சாளுக்கு விளங்கிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தா.

"உவர் சூசைதாசன் அண்ணையடி. குருநகர்க் கடல்தொழில் ஆள். அறுபத்தொரு வயசு. வேலையிலை ஏணியாலை விழுந்து முழங்கால் ஒப்பரேசன் செய்துபோட்டு தர்ஷன் இருக்கிற வீட்டு பேஸ்மெண்டிலை கிடக்கிறார். பாக்க வந்தவரையெல்லாம் ஏசிக்கொண்டு கிடந்த மனுசன். தர்ஷன்தான் அந்த விளையாட்டைக் காட்டிக் குடுத்தது. முதல்நாளே, 'தம்பி, கடலிலை இப்பிடிப் பாய் விரிச்சா உன்ரை பிரேதமும் கிடையாது, சுக்கானை இஞ்சாலை தா' எண்டு பறிச்சவர்தான். பிறகு குடுக்கவேயில்லை."

நானும் சிரித்தேன். மாமியிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். குருநகரார் கையில் சுக்கான் இருந்தால் வள்ளம் கரைக்கு வந்திருக்கும்தானே என்றார். பிறகு நான் உடுப்புத் தோய்க்கப் போனேன். இரண்டாவது சட்டைக்கு வரும்போது திரும்பவும் கோபம் வந்துவிட்டது.

அது ஒரு பெண்ணாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சண்டை பிடிக்கலாம், அழலாம், தொண்டைமானாற்றுக்குப் போய் இருக்கலாம், ஊரே என் பக்கம் நிற்கும். முழங்கால் நோகும் ஒரு மனிதனோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அவர் மேல் எரிச்சல்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது? ஆனால் எரிச்சல்தான். உங்கள் பக்கத்தில் ஒரு கதிரை இருக்கிறது, அதில் அவர் இருக்கிறார். நீங்கள் தேத்தண்ணி ஊற்றினால் முதல் கோப்பை அவருக்கு. வள்ளம் பாறையில் அடிபடும்போதெல்லாம் "உன்ரை மனிசி எண்டா இதிலை எப்பிடித் திருப்பும்?" என்று கேட்பாராம், நீங்கள் சொல்லிக் கொடுப்பீர்களாம். பிரதீபா இதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னா. நான் எப்படித் திருப்புவேன் என்பதை அவருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் கூப்பிட்டிருந்தால் நானே திருப்பியிருப்பேன்.

ஓவர்டைம் என்று ஏன் சொன்னீர்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது. வாக்கு மாறியதைச் சொல்ல உங்களுக்கு முகம் இல்லை. அதை விட்டுவிடுகிறேன்.

விட முடியாதது வேறு. அந்த மனிதர் அங்கே போய்ப் பதினொரு வருடம் என்றும், வழக்கு இரண்டு தரம் தள்ளுபடியாகிவிட்டது என்றும், மனைவி குருநகரிலேயே இருக்கிறா என்றும் பிரதீபா சொன்னா. அவவின் பெயர் என்ன என்று கேட்டேன். பிரதீபாவுக்குத் தெரியவில்லை. பதினொரு வருடம் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஆட்களுக்கும் அவவின் பெயர் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் நானும் அந்த டவுன்லோடை வாங்கினேன். இன்று காலை ஏழு மணிக்குத்தான் இறங்கி முடிந்தது. டிஸ்க்கில் நாம் போன ஆறு துறையும் இதற்குள் வராதாம். முதலாம் துறையில் நிற்கிறது. வருகிற ஞாயிறு அல்ல, அதற்கு அடுத்த ஞாயிறு, ஜூலை 6, பின்னேரம் 7.30, உங்களுக்குக் காலை 10.00. கடிதம் கிடைத்துவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் எழுதுகிறேன். சுக்கான் எனக்கு. சூசைதாசன் அண்ணை பக்கத்தில் இருந்து பார்க்கலாம், வழி சொல்லக்கூடாது. ஒன்பதாம் துறையில் என்ன இருக்கிறது என்று எனக்கு நீங்களும் சொல்லக்கூடாது. அவருடைய முழங்கால் கெதியாகச் சுகப்பட வேண்டும் என்று எங்கள் சந்நிதி முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன். சுகப்பட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவார்.

கடைசியாக ஒன்று. ஒடியல்மாப் பையோடு ஒரு பழுப்புநிற உறை இருக்கும். அதில் எங்கள் விவாகப் பதிவின் அத்தாட்சிப் பிரதி இரண்டு, ஆங்கில மொழிபெயர்ப்பு, என் பிறப்புச் சான்றிதழ், நான்கு படங்கள். மாசி மாதமே பிரதேச செயலகத்தில் எடுத்து வைத்துவிட்டேன். நீங்கள் கேட்டதும் அனுப்பலாம் என்று பார்த்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. சூசைதாசன் அண்ணையின் மனைவிக்கு வராதே என்று மறுமொழி வந்திருக்கிறது. எனக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை. அனுப்பினால்தானே சொல்வார்கள்.

உங்களுக்கு வேலையும் நித்திரையும் குறைவில்லாமல் இருக்கட்டும். அந்த உறையை மட்டும் கட்டிலுக்குக் கீழே வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி,
உதயகலா சிவதர்ஷன்.