ஞாயிற்றுக்கிழமை வாசித்த கடிதம்

நவுசோரி,
12-8-1964

அன்புள்ள ரவீந்திராவுக்கு,

நடராஜன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மெட்ராஸில் நீயும் உன் புது மனைவியும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

முதலில் சங்கத்தில் நான் நடத்தும் படிப்பகத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். சங்கத்துக்கு நீ அனுப்பிய இரண்டு பெட்டிப் புத்தகங்களும் வந்து சேர்ந்தன. ஒன்றில் உப்புத் தண்ணீர் இறங்கியிருந்தது. பயணப் புத்தகங்களைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பக்கத்து நகரமான சுவாவைத் தாண்டாத தங்கராஜ் இமயமலைக்கு இரண்டாம் முறையாகப் போய்க்கொண்டிருக்கிறார். உண்மையாகவே பயணம் போனவர்கள் யாரும் திரும்பி வந்து என்னிடம் புத்தகம் கேட்டதில்லை.

அரசியலுக்குக் குறைவில்லை. ஆறு வாரம் பழைய மெட்ராஸ் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தபடி, அங்கே எப்போதோ முடிந்துபோன தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று சண்டை போடுகிறார்கள். இங்கே இந்தத் தீவு சுதந்திரம் வாங்கினால் நம் குத்தகை நிலம் என்ன ஆகும் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சர்க்கரை மில் மூடி ஐந்து வருடம் ஆகிறது. கரும்பு இருந்த இடத்தில் நெல் போட்டார்கள், அதில் பாதியை ஆறு கொண்டுபோயிற்று. நீ அனுப்பிய பொருளாதாரப் புத்தகத்தை நான் ஒருவன்தான் படித்தேன். காத்திருந்தால் சில சரக்குக்கு விலை ஏறும் என்று எழுதியிருக்கிறது. எழுதியவருக்குத் தங்கை இல்லை போலிருக்கிறது.

என் தங்கைக்கு வருகிறேன். நீ கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் இரண்டு வீட்டாரும் வெற்றிலை மாற்றிக்கொண்டு ஏழு வருடம் ஆகிறது. நீ டாக்டராகி வருவாய் என்று சரோஜ் மூன்று வரன்களைத் திருப்பி அனுப்பினாள். நீயோ உன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், உன் பேராசிரியர் மகளைக் கல்யாணம் செய்துகொண்டதை நாலு வரியில் முடித்துவிட்டாய். கூடவே எனக்கு ஒரு துண்டுச் சீட்டு. அப்பாவுக்குத் தனியாகப் படித்துக் காட்டு, சரோஜுக்குப் பக்குவமாகச் சொல் என்று. ஏழு வருடம் அடுப்பில் கிடந்த சோற்றுக்கு இனி என்ன பக்குவம்? சீட்டை அடுப்பில் போட்டேன்.

இங்கே வழக்கம் உனக்குத் தெரியும். தமிழ் எழுத்துப் படிக்கிறவர்கள் குறைந்துபோனதால், இந்தியாவிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் ஞாயிறு பூசை முடிந்ததும் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் நான்தான் வாசிப்பேன். உன் கடிதத்துக்கு மட்டும் என்ன தனி மரியாதை? வீட்டுக்குள் சொல்லியிருந்தால், பெண்ணிடம் என்ன குறையோ என்று ஊர் பேசியிருக்கும். குறை யாரிடம் என்று உன் எழுத்திலேயே கேட்கட்டும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை வந்த கடிதம் அது. கடிதம் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து கேள் என்று மட்டும் சரோஜிடம் சனிக்கிழமை சொன்னேன். நீலப் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள்.

வாசித்தேன். கல்யாணச் செய்தி வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். உன் அப்பா, வீரசாமி மாமா, "நிறுத்தாதே தம்பி, முழுசும் படி" என்றார். முழுதும் படித்தேன். "இனிமே அவன் கடுதாசி வந்தா தொறக்காதே, திருப்பி அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதற்குப் பிறகு அவர் சங்கத்துக்கு வரவில்லை. மற்றவர்கள் உன்னைத் திட்டினார்கள். எனக்கு அது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சரோஜ் அழவில்லை. எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாள். பெண்கள் அவள் தலையைத் தடவினார்கள். ஒருத்தி, பெண்டாட்டி செத்துப்போன தன் அண்ணனுக்குப் பேசலாமா என்று அங்கேயே கேட்டாள். இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "இந்தக் கடுதாசி என்னிக்கு வந்துச்சு, அண்ணே?" வியாழக்கிழமை என்றேன். "மூணு நாளா எல்லாம் தெரிஞ்சிக்கிட்டே என் கையால சோறு வாங்கித் தின்னியா?" என்றாள். அதோடு பேச்சு நின்றது. ஐந்து வாரம் ஆகிறது. காலையில் சோற்றை மூடி வைத்துவிட்டு, சுவாவில் துணிக்கடை வேலைக்குப் போய்விடுகிறாள். ஊர் பேசக்கூடாது என்று செய்தேன் என்றால் நீயாவது நம்புவாயா? ஏழு வருடக் கோபத்தை ஒரே நாளில் தீர்த்துக்கொண்டேன், அவளை நடுவில் உட்கார வைத்து.

நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இந்தியில் எழுது, பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது அதுதான். கடை விலாசத்துக்கு அனுப்பு. மன்னிப்பெல்லாம் கேட்காதே. எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லி எனக்கு எழுதியது நீதான் என்று மட்டும் எழுது. சீட்டு எரிந்துவிட்டது, அவளுக்குத் தெரிய வழியில்லை. உன் மேல் இவ்வளவு பழி இருக்கிறது. இதுவும் சேர்ந்தால் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கு வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான்.

நீயும் உன் மனைவியும் பிள்ளை குட்டியோடு நீண்ட நாள் நன்றாக இருங்கள். அடுத்த கப்பலுக்குள் எழுதிவிடு.

உன் பழைய நண்பன்,
நடராஜன்